சல்லிக்கு மதிப்புக் கொடுத்தது யார்?

வர்த்தகப் பிரிவில் சேர்ந்த முதல் தவணையிலேயே பணத்தின் தொழில்களைப் பாடமாக்கிவிடுகிறோம். அது பரிமாற்றத்துக்கு ஊடகம், பெறுமதியை அளக்கும் அளவுகோல், பெறுமதியைச் சேமித்து வைக்கும் களஞ்சியம், பிற்காலக் கொடுப்பனவுகளுக்கான நியமம். நான்கையும் பிழையின்றி எழுதினால் முழுப் புள்ளி. இந்த நான்கு தொழில்களையும் பணம் ஒழுங்காகச் செய்கிறதா, செய்தால் யாருக்காகச் செய்கிறது என்ற வினா மட்டும் வினாத்தாளில் வருவதில்லை. அதற்கான விடையை 2022ஆம் ஆண்டில் இந்நாட்டின் ஒவ்வொரு சமையலறையும் எழுதியது என்று நினைக்கிறேன். பெற்றோரும் வாசிக்கும் சஞ்சிகை இது. ஆதலால் பாடநூலில் இல்லாத சிலவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

கையில் உள்ள ஒரு நாணயத்தாளை எடுத்து அதில் சிறிய எழுத்தில் இருப்பதை வாசித்துப் பாருங்கள். இலங்கையினுள் எந்தத் தொகையையும் கொடுப்பதற்கு இது சட்டப்படி செல்லுபடியாகும் என்ற கருத்து மும்மொழியிலும் இருக்கும். அதில் 'இலங்கையினுள்' என்ற ஒரு சொல்லை நாம் கவனிப்பதே இல்லை. இந்தத் தாளைக் கொண்டு பெட்டாவில் சீலை வாங்கலாம், பலசரக்கு வாங்கலாம். கப்பலில் வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் எரிபொருளை வாங்க இயலாது. கப்பல்காரர் டொலர் கேட்பார். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. காரணம் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமை. நாட்டில் ரூபாய்த் தாளுக்குத் தட்டுப்பாடு இருக்கவில்லை, பரீட்சைத் தாளுக்குத்தான் இருந்தது. பணம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் விளக்க முடியாது. அது பொருள் அல்ல. பொருளைத் தருவதாக மற்றவர்கள் ஒப்புக்கொண்ட ஒரு வாக்கு. ஒப்புக்கொள்ளும் ஆட்கள் எங்கே முடிகிறார்களோ அங்கே பணமும் முடிந்துவிடுகிறது.

இது புதிய விடயமும் அல்ல. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவுக்கு வந்து அங்கே காதியாகக் கடமையாற்றிய இப்னு பதூதா, அத்தீவு மக்கள் கடற்சோகிகளைப் பணமாகப் பாவித்ததை எழுதி வைத்திருக்கிறார். ஒரு தங்கத் தீனாருக்கு நான்கு இலட்சம் சோகி என்பது அவர் சொல்லும் கணக்கு. சில வேளைகளில் பன்னிரண்டு இலட்சம் சோகி கொடுத்தால்தான் ஒரு தீனார் கிடைக்குமாம். சோகியின் அழகு குறையவில்லை, எண்ணிக்கை பெருகியதால் மதிப்பு மூன்றில் ஒன்றானது. நமது கரைகளிலும் ஒரு காலத்தில் விசித்திரமான காசு ஒன்று புழங்கியது. வெள்ளிக் கம்பியை நடுவில் மடித்து, தூண்டில் முள்போல வளைத்த 'லாரின்' அது. பாரசீகத்தின் லார் என்ற ஊரின் பெயரைக் கொண்டு, வளைகுடாக் கரைகளிலிருந்து இந்தியப் பெருங்கடல் வணிகர்களோடு இங்கு வந்தது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, ஆனால் வாங்குபவரும் விற்பவரும் அதை ஏற்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ காசுகள் வந்து போயின. ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்ற இன்றைய முறை 1872இல் வந்தது. நமது மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி தொடங்கியது. உம்மம்மாமார் இன்றும் 'அஞ்சு சதத்துக்குப் பெறுமதியில்லாதவன்' என்று திட்டுவார்கள். அந்த ஐந்து சதத்தை என் வயதினர் பலர் கண்ணால் கண்டதில்லை, திட்டு மட்டும் மதிப்புக் குறையாமல் இருக்கிறது.

இனி 2022க்கு வருவோம். அதன் வேர் அந்த வருடத்தில் தொடங்கவில்லை. 2019 இறுதியில் பெரிய வரிக் குறைப்பு நடந்தது, பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. அடுத்து கொவிட் வந்து சுற்றுலா நின்றது. அரசின் வருமானம் சுருங்கியது, செலவு சுருங்கவில்லை. இடைவெளியை நிரப்ப மத்திய வங்கி அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களை வாங்கிப் புதிய பணத்தைக் கொடுத்தது. இதையே மக்கள் 'சல்லி அச்சடிக்கிறார்கள்' என்று சொன்னார்கள். ஏறக்குறைய 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர், மார்ச் மாதத்தில் பிடி தளர்ந்ததும் மே மாதமளவில் 360 ரூபாய் வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 வீதம்.

இந்த 94.9 என்பதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போதும். போன வருடம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான் பைக்கு இப்போது 1,949 ரூபாய் வேண்டும். வாப்பாவின் சம்பளம் அதே தொகை. ஆகவே பையில் பாதிதான் வீட்டுக்கு வரும். வாப்பாவின் சட்டைப் பையிலிருந்து யாரும் திருடவில்லை, எண்ணிப் பார்த்தால் தாள்கள் அப்படியே இருக்கும். ஆனால் பாதி போய்விட்டது. எங்கே போனது? பெருந்தொகை கடன்பட்டிருந்தவருக்கு இலாபம், ஏனெனில் அவர் இலேசான ரூபாயில் கடனைக் கட்டுகிறார். நாட்டிலேயே பெரிய கடனாளி அரசாங்கம். காணியும் தங்கமும் டொலரும் வைத்திருந்தவருக்குப் பெரிய சேதமில்லை. மாதச் சம்பளக்காரரும், ஓய்வூதியக்காரரும், வங்கிப் புத்தகத்தில் பிள்ளையின் பெயருக்குச் சிறுகச் சிறுகப் போட்டு வந்த தாயும்தான் இழந்தார்கள். பணவீக்கம் எல்லோருக்கும் பொதுவான கஷ்டம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சத்தமில்லாமல் செல்வத்தை மாற்றும் வழி அது.

இதே நோயை அறுநூறு வருடங்களுக்கு முன் ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார். எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி கெய்ரோவில் சந்தை மேற்பார்வை செய்யும் முஹ்தஸிப் பதவியில் இருந்தவர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நைல் நதி போதிய அளவு பெருகாமல் பஞ்சம் வந்தது. மழையையும் ஆற்றையும் பழித்துவிட்டு அவர் நின்றுவிடவில்லை. பஞ்சம் நீடித்ததற்கு மூன்று காரணம் சொன்னார். இலஞ்சம் கொடுத்துப் பதவி வாங்கியவர்கள் அந்தச் செலவைக் குடிமக்களிடம் கறந்தது ஒன்று. நிலத்தின் குத்தகை ஏறியது இன்னொன்று. தங்கமும் வெள்ளியும் ஒதுங்க, 'ஃபுலூஸ்' என்ற செப்புக் காசு அளவின்றிப் பெருகியது மூன்றாவது. வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்களுக்கு ஃபுலூஸ் என்ற சொல் தெரிந்திருக்கும், அரபுநாட்டுத் தெருக்களில் பணத்துக்கு அதுதான் பெயர். செப்பு மலிவு, அடிப்பது இலேசு, ஆட்சியாளருக்கு இலாபம். கெய்ரோவின் செப்பையும் கொழும்பின் கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு அதிகமில்லை. நம் நாட்டிலும் பாடம் சட்டமாகியது. 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு நேரடியாக இப்படிக் கடன் கொடுப்பதைத் தடைசெய்கிறது.

அவருக்கும் முந்நூறு வருடம் முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் தங்கத்தையும் வெள்ளியையும் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். கண்ணாடிக்குச் சொந்த நிறமில்லை, எதிரே நிற்கும் எல்லா நிறத்தையும் காட்டும். காசுக்கும் அதுபோலத் தனக்கென ஒரு பயனில்லை, மற்றப் பொருள்களின் பெறுமதியைக் காட்டவே அது படைக்கப்பட்டது என்கிறார். அதைப் பதுக்குபவர் மக்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியைச் சிறையில் அடைத்தவர் போன்றவர் என்பதும் அவருடைய ஒப்புமைதான். எரிவாயு சிலிண்டர்களை வீட்டின் பின்னறையில் அடுக்கி வைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களை நினைத்தால் இந்த ஒப்புமை எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. பணம் இருந்தும் வாங்க முடியாத நிலை வந்தபோது, பணத்துக்குப் பதிலாக வேறு ஒழுங்கு தேவைப்பட்டது. முதலில் வரிசை. வரிசையில் காசு நேரமாகிறது, நேரம் உள்ளவருக்குப் பெற்றோல். ஆனால் நேரத்தையும் காசு கொடுத்து வாங்கலாம் என்று சீக்கிரமே கண்டுபிடித்தார்கள், கூலிக்கு வரிசையில் நிற்க ஆள் கிடைத்தது. பின்னர் கியூஆர் முறை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. பணக்காரரும் ஏழையும் ஒரே அளவு. எனக்கு இந்த முறை பிடித்திருந்தது, ஆனாலும் முழுக்க நியாயம் என்று சொல்ல வராது. இரண்டு கார் உள்ள வீட்டுக்கு 40 லீற்றர். முச்சக்கர வண்டி ஓட்டித்தான் அடுப்பு எரிய வேண்டும் என்ற வீட்டுக்கு 5 லீற்றர். காசை ஒதுக்கி வைத்த இடத்திலும், முன்பே காசால் வாங்கப்பட்ட வாகனம் புள்ளி போட்டது. இருந்தாலும் வரிசை குறைந்தது. தேவையானதைப் பங்கிட விலை ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு படிப்பு.

நம் பெண்கள் பணத்தைப் பங்கிடும் வழி ஒன்று பாடநூலில் இரண்டு வரிகூடப் பெறவில்லை. சீட்டைச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய் வீதம் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 60,000 ரூபாய். முதல் மாதம் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசி மாதம் எடுப்பவருக்குச் சேமிப்பு. வங்கியில்லை, பிணையில்லை, ஒப்பந்தம் எழுதுவதில்லை. பணத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் அயலில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உம்மா, அவருடைய சொல்தான் பிணை. மத்திய வங்கிக்கும் சீட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், நம்பிக்கை. அளவுதான் வேறு.

ஆனால் சீட்டையும் 2022 விட்டுவைக்கவில்லை. பணவீக்கம் 69.8 வீதமாக இருக்கும் ஆண்டில், தொடக்கத்தில் 60,000 ரூபாய் வாங்கித் தந்ததை முடிவில் அதே 60,000 வாங்கித் தராது. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35,000 ரூபாயின் பெறுமதிதான். முதலில் எடுத்தவர் வென்றார், கடைசியில் எடுத்தவர் தோற்றார், இருவரும் ஒரே தொகையைத்தான் போட்டார்கள். எங்கள் பக்கத்துச் சீட்டு ஒன்றில் இதைப் பேசிக் குலுக்கலை நிறுத்தினார்கள். வீட்டில் நோயாளி உள்ளவருக்கு முதலில், பிறகு பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டியவர்களுக்கு, அதன் பின் மற்றவர்களுக்கு என்று ஒழுங்கு செய்தார்கள். கடைசி இரண்டு இடத்தையும் வசதி உள்ள இருவர் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். பணவீக்கம் என்ற சொல்லை அவர்களில் ஒருவரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். அது என்ன செய்யும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்படிக் கணக்குப் பார்க்கும் பெண்களை நாட்டின் புள்ளிவிபரம் எங்கே வைக்கிறது? வீட்டு வேலை மட்டும் செய்பவர் 'பொருளாதார ரீதியில் செயற்படாதோர்' என்ற நிரலில் வருவார். விடியற்காலையில் எழுந்து அப்பம் சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு பத்து மணிக்குச் சட்டி கழுவி முடிப்பவர் செயற்படாதவர். அதே அப்பத்தைப் பக்கத்துக் கடைக்குச் சுட்டு விற்றால் அன்று முதல் செயற்படுபவர். சம்பளம் வந்தால் வேலை, வராவிட்டால் கடமை என்ற பிரிவு பணம் போட்ட பிரிவு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே இவ்வளவு போதும்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த இடம். நம் சமூகத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மிகப் பெரிய தொகை பேசப்படும் நாள் அவளுடைய திருமணப் பேச்சு நாள். அன்று இரண்டு விதமான பணம் பேசப்படும். ஒன்று மஹர். மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது, அவளுக்கு மட்டுமே சொந்தம். ஸூரா அந்நிஸாவின் நான்காம் வசனம் அதை மனமுவந்து பெண்களுக்குக் கொடுக்கும்படி கட்டளையிடுகிறது. மற்றது கைக்கூலி. அது எதிர்த்திசையில் போகும். மார்க்கத்தில் கட்டளையிடப்பட்ட தொகை சில ஆயிரங்களோடு முடிந்துவிடுவதையும், கட்டளையிடப்படாத தொகை இலட்சங்களில் பேசப்படுவதையும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை என்னவென்று வரையறுக்கிறது என்று பலருக்குத் தெரியாது. திருமணத்துக்கு முன்போ திருமண நேரத்திலோ, மணமகளின் பாவனைக்கென, அவளுடைய உறவினரோ வேறெவருமோ மணமகனிடம் கொடுத்த அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணமும் அசையும் பொருளுமே கைக்கூலி. 'மணமகளின் பாவனைக்கென' என்பதைக் கவனியுங்கள். சட்டத்தின் கண்ணில் மணமகன் அதன் சொந்தக்காரர் அல்லர், அவர் கையில் இருக்கும் அவளுடைய பொருள் அது. அதனால்தான் திருமணம் முறிந்தால் அதைத் திரும்பக் கோரிக் காதி நீதிமன்றத்துக்குப் போக இடமிருக்கிறது. ஆனால் வீடுகளில் அது மாப்பிள்ளையின் தொழிலுக்கு முதலாகவும், மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகவும் கரைந்து போகிறது. ஒரு வீட்டில் வந்தது இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறொரு வீட்டுக்கு. எல்லோரும் கொடுத்தார்கள், எல்லோரும் வாங்கினார்கள், பெண்ணின் கையில் மட்டும் எதுவும் தங்கவில்லை. இமாம் கஸ்ஸாலி சொன்ன கண்ணாடி இங்கே எதைக் காட்டுகிறது என்று கேட்டால், மாப்பிள்ளையின் படிப்பையும் பதவியையும் காட்டுகிறது. வைத்தியருக்கு ஒரு தொகை, பொறியியலாளருக்கு ஒரு தொகை, வெளிநாட்டில் இருப்பவருக்கு இன்னொன்று. அந்தப் படிப்பில் பெரும்பகுதி 1945 முதல் இந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் இலவசமாகக் கிடைத்தது. மீன் விற்பவரும் வரி கட்டிப் படிப்பித்த பட்டத்துக்கு, அந்த மீன் விற்பவரின் மகளிடமே விலை கேட்கிறோம்.

கிழக்கு மாகாணத்தில் பணத்தோடு வீடும் சேரும். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அங்கே வழமை, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இதற்கு ஒரு நல்ல பக்கமும் இருப்பதை மறைக்கக் கூடாது. உறுதி அவள் பெயரில் இருந்தால், என்ன நடந்தாலும் அவள் தெருவுக்கு வர மாட்டாள். ஆனால் அந்தச் சுவரை எழுப்ப வாப்பாவும் நானாமாரும் எத்தனை வருடம் கட்டாரிலும் சவூதியிலும் கழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். என் உறவில் ஒரு ராத்தாவின் வீடு 2021இல் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. மீதி வேலைக்கென்று அவருடைய வாப்பா ரூபாயில் சேர்த்து வைத்திருந்தார். ஆயிரத்துச் சொச்சம் இருந்த சீமெந்துப் பை அடுத்த வருடம் இரண்டாயிரத்தைத் தாண்டிப் போனது. கம்பியும் ஓடும் அப்படியே. சேமிப்புச் சுருங்கியது, மாப்பிள்ளை வீட்டாரின் பட்டியல் சுருங்கவில்லை. ரூபாயில் பேசியிருந்ததைப் பவுணில் மாற்றிக் கேட்டார்கள். நான்கு தொழில்களில் 'பெறுமதியின் களஞ்சியம்' என்பதை ரூபாய் இழந்துவிட்டது என்று எங்களுக்கு முன்னரே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ராத்தா உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர். விடுதிச் செலவுக்கு வீட்டில் பணமில்லை என்று பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. சீமெந்துக்கு எப்படியோ பணம் கிடைத்தது. ஒரே வாப்பா, ஒரே பை. எதற்கு முதலில் என்பதைத் தீர்மானித்தது அவருடைய அன்பின் குறைவு அல்ல, அவர் மகளுக்காகத்தான் பதினேழு வருடம் வெளிநாட்டில் இருந்தவர். வீடில்லாத மகளை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற அச்சம் முதலிடம் கேட்டது. பட்டத்துக்கு ஊர் விலை போடுவதில்லை, மகளுக்குக் கிடைக்கும்போது மட்டும்.

சட்டத்தைப் பற்றி இன்னும் இரண்டு விடயம் சொல்ல வேண்டும். கைக்கூலியின் வரையறை பணத்தையும் அசையும் பொருளையும் மட்டும் சொல்கிறது. வீடும் காணியும் அசையாச் சொத்து, அதற்குள் வராது. நம் ஊர்களில் கொடுக்கப்படும் மிகப் பெரிய பொருள் எதுவோ அது அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறது. ஆகையால் வீட்டின் உறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது நிக்காஹ்வுக்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி. கூட்டாக எழுதுவோம், பிறகு பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். கொடுக்கும் பணத்துக்கும் நகைக்கும், தொகையும் திகதியும் போட்டு இரு தரப்பினரும் கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கட்டும். சொந்தக்காரரிடம் எழுத்துக் கேட்பது வெட்கம் என்று நினைப்போம். வெட்கப்பட்டவர்கள் பின்னர் காதி நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

இரண்டாவது, 1951இன் சட்டத்தின்படி திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக இருக்கவில்லை. மஹர் தொகை எழுதப்படும் அந்தத் தாளில் மணமகனும் வலியும் ஒப்பமிட்டால் போதும் என்றே சட்டம் அமைந்தது. கதீஜா நாயகி (ரழி) அவர்கள் தமது வணிகப் பொருளைத் தாமே நிர்வகித்து, அதைக் கொண்டுபோய் விற்றுவர நபி (ஸல்) அவர்களை அமர்த்தியவர்கள். அவர்களைப் பற்றி மீலாத் மேடைகளில் ஆண்டுதோறும் பேசுகிறோம்.

வகுப்பில் இதைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டபோது தோழி ஒருத்தி, தன் மஹர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தானே சொல்லப் போவதாகவும், அதைப் பணமாகக் கேட்காமல் பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் முழுவதுமாகக் கேட்கப் போவதாகவும் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரோ ஒருத்தி கொப்பியை எடுத்து, நான்கு வருடத்துக்கு அது எவ்வளவு வரும் என்று கூட்ட ஆரம்பித்தாள்.